ஒரு சாண் சிகப்பு வயர்

– நீளம் கொறச்சலா இருக்கேடா. அளந்துதானே வெட்டினே?

– ஒரு சாண்க்கா. சத்தியமா. என் கையால அளந்து வெட்டினது.

– அப்போ உன் கை சுருங்கிப் போச்சா? போன வாரத்துப் பொம்மை வயரைப் பக்கத்துல வெச்சுப் பாரு.

– அட, ஆமா. ஒரு நகத்தளவு கம்மி. மூட்டை கட்டற அவசரம்க்கா. பெட்டிக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல உட்கார்ந்து வெட்டினேன்.

– நல்லா இருக்கு. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம சரியா வெட்டிக்கொண்டு வந்தவன், ஊரை விட்டுப் போற அன்னிக்குக் கோட்டை விட்டுட்டான்.

– ஓடிப்போய் வேற வாங்கிட்டு வரட்டா? கடை திறந்திருக்கும்.

– வேணாம். உட்காரு. இருக்கறத வெச்சுப் பண்றேன். கட்டிங் ப்ளேயரை எடு, ஜன்னல் கம்பில மாட்டியிருக்கு பாரு. எத்தனை மணிக்கு ரயில்?

– ஆறு. இப்போ மூணுதான் ஆகுது. என் டீச்சர் பொண்டாட்டி வீட்டைப் பூட்டிட்டு நேரா இங்க வந்துடுவா. இது எத்தனையாவதுக்கா?

– நூத்தி ஐம்பத்து நாலு.

– அம்மாடி. நான் அம்பதுல முடிஞ்சுடும்னு நெனச்சேன்.

– யாரு சொன்னா உனக்கு அம்பதுன்னு?

– நானா நெனச்சுக்கிட்டேன். உங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க, திரும்ப ஒரு வாட்டி சொல்லேன்.

– எத்தனை வாட்டிதான் கேப்பே? "எது உன்னைக் குத்துதோ அதையே கையில எடுத்துக்கோ. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்துல, அதை வெச்சு ஒரு மனுஷ உருவம் செய். நல்லா வந்தாலும் வராட்டியும் ஒண்ணையும் தூக்கிப் போடாதே. அது தன்னால நிக்கற அன்னிக்கு உன் மனசுல இருக்கறது இறங்கும்"னாங்க. அழுக்குத் துணி எண்றவகிட்ட அவங்க அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினதே பெரிசு.

– பத்து எண்ற வரைக்கும் நிக்கணும்னு அவங்களா சொன்னாங்க?

– அது நான் வெச்சுக்கிட்டது. ஒரு நொடி நிக்கறதெல்லாம் நிக்கறதாடா? தள்ளிவிட்ட ஆளுகூட ஒரு நொடி நிப்பான்.

– அக்கா.

– என்னடா அக்கா?

– ஒண்ணுமில்ல. அந்தப் பொம்மை இருக்கற செருப்பு டப்பாவைக் கொஞ்சம் இப்படித் தள்ளு, பாக்கறேன். கடைசியா ஒரு வாட்டி பாத்துக்கறேன்.

– தொடாதே. கண்ணால பாரு.

– தொடல, தொடல. இந்த முதல் வரிசையைப் பாரேன். முள்ளுச்செடி மாதிரி இருக்கு. கை எது கால் எதுன்னே தெரியல.

– அப்போ நான் வளைக்கவே இல்ல. நசுக்கினேன். பல்லால கடிச்சிருக்கேன், தெரியுமா? அந்த ஆறாவதுல பாரு, பல்லு பட்ட தடம் இருக்கும்.

– தெரியும். நான்தானே எதிர்ல உட்கார்ந்திருந்தேன். முப்பத்து ரெண்டாவதுக்குக் கழுத்தைத் திருகினே. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எனக்குக் கழுத்து திரும்பல. டீச்சர் எண்ணெய் தேச்சுவிட்டா. "உங்க அக்கா அங்க திருகினா உங்களுக்கு இங்க வலிக்குதா"ன்னு சிரிச்சா.

– உனக்கு ஏன்டா வலிக்கணும்?

– கேக்கற கேள்வியைப் பாரு. சரி, அம்பதுக்கு அப்புறம் கால் வந்துச்சு. எண்பதுல கை. நூறுல முதல் தடவையா நின்னுச்சு, மூணு எண்ணினோம். அன்னிக்கு நான் ரோட்டுல அழுதுகிட்டே போனேன்க்கா. போன வாரம் ஏழு. இன்னிக்குப் பத்து வந்துடும், பாரேன்.

– சொல்லாதே. சொன்னா வராது.

– நிமிர்த்துப் பிடி, நான் ஒரு யோசனை சொல்லட்டா? தொழில்காரன் யோசனை.

– தொழில்தான் போச்சே உனக்கு.

– லிஃப்ட் லைசென்ஸ்தானே பிடுங்கினாங்க, மூளையையா பிடுங்கினாங்க? கேளு. உன் பொம்மை எல்லாமே பின்பக்கமாத்தான் விழுது. முன்னாடி ஒண்ணுகூட விழுந்ததில்ல. ஏன்னா தலைக்குப் பின்னாடி மிச்ச வயரைச் சுருட்டி உருண்டையா வெச்சுடறே. பின்பாரம். அந்த மிச்சத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டா கல்லு மாதிரி நிக்கும். இன்னிக்கு வயரும் கொறச்சல், மிச்சமும் கொறச்சல்தான் வரும். நல்ல சகுனம்னு வெச்சுக்கோ.

– வெட்டக்கூடாது.

– ஏன்?

– ஒரு சாண்னா ஒரு சாண்தான். அன்னிக்கு நீ வெட்டிக் கட்டினது எவ்வளவோ அவ்வளவும் இதுல இருக்கணும். சொல்லு. கால் போட ஆரம்பிச்சுட்டேன். உன் பங்கைச் சொல்லு.

– இன்னிக்கும் சொல்லணுமா?

– எல்லா வாரமும் சொன்னேல்ல? இன்னிக்கு மட்டும் என்ன, உனக்குப் பிறந்த நாளா?

– சரி. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. லிஃப்ட் நின்னுடுச்சுன்னு உங்க பில்டிங்ல இருந்து கூப்பிட்டாங்க. நான் வந்து பாத்தேன். அஞ்சாவது மாடிக் கதவோட பூட்டு தேஞ்சு போயிருந்தது. பூட்டு பிடிச்சாத்தான் லிஃப்ட்டுக்குக் கரன்ட் போகும். புதுப் பூட்டு மறுநாள் காலையிலதான் வரும்னாங்க ஆபீஸ்ல.

– அப்போ நீ என்ன பண்ணியிருக்கணும்?

– மெயினை அணைச்சிட்டுப் பலகை மாட்டியிருக்கணும்.

– என்ன பண்ணினே?

– மூணாவது மாடில நிறைமாசப் பொண்ணு இருந்தா. நாலாவதுல சக்கர நாற்காலிப் பெரியவர். அஞ்சாவதுல நீங்க ரெண்டு பேரும். மாமாவுக்கு வேற முழங்கால் வலி, அஞ்சு மாடி ஏற மாட்டாரு. எல்லாரும் சுத்தி நின்னு, ஒரு ராத்திரிக்கு எப்படியாவது ஓட்டிவிடுப்பான்னாங்க. பூட்டோட ரெண்டு முனையையும் ஒரு சாண் சிகப்பு வயரால சேர்த்துக் கட்டினேன். கதவு பூட்டியிருக்குன்னு லிஃப்ட் ஏமாந்துக்கும். ஓடும். ஆனா கதவு பூட்டல. லிஃப்ட் எங்க நின்னாலும் அஞ்சாவது மாடிக் கதவைப் பிடிச்சு இழுத்தா திறந்துக்கும்.

– அப்புறம்?

– அப்புறம் ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயிட்டேன்.

– யார்கிட்டயும் சொல்லல?

– சொல்லல.

– ஒரு ஃபோன்கூடப் பண்ணல?

– பண்ணலக்கா. எல்லா வாரமும் இதையே கேக்கறியே. விசாரணைல கேட்டாங்க, போலீஸ்ல கேட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலன்னுதான் எழுதிக்குடுத்திருக்கேன். வயரைக் கட்டினது நான், விட்டுட்டுப் போனது நான். அதான் விஷயம். இப்போ உன் பங்கைச் சொல்லு.

– என் பங்குல என்ன இருக்கு? மறுநாள் காலையில ஏழு மணி. நான் கண்ணாடி முன்னாடி நின்னு கொண்டை போட்டுக்கிட்டிருந்தேன். அப்பெல்லாம் எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. கை ரெண்டும் தலைக்கு மேல. வாய் நிறையக் கொண்டை ஊசி. அவரு பையை எடுத்துக்கிட்டு, "வரேன்"னாரு. நான் "ம்"னேன்.

– அவ்வளவுதானே.

– அவ்வளவுதான். பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினவருக்கு நான் கடைசியாச் சொன்னது ஒரு "ம்". லிஃப்ட் கதவை இழுக்கற சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம் நான் கேட்ட சத்தத்தை உனக்குச் சொல்ல மாட்டேன்.

– வேணாம்க்கா.

– நாள் பூரா லிஃப்ட் வந்து நிக்கற இடம். கதவைத் திறந்தா உள்ள தரை இருக்கும்னு கால் நம்புது. பையை மாட்டிக்கிட்டே, லிஃப்ட் இல்லாத குழில காலை வெச்சிருக்காரு.

– அக்கா, போதும். முடிஞ்சுதா பொம்மை?

– முடிஞ்சுது. நகரு. மேஜையை ஆட்டாதே. எண்ணு.

– ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு... ஐயோ.

– மூச்சு விட்டுட்டே நீ.

– நான் எங்கக்கா விட்டேன்? பின்னாடி சாயுது, அதான் சொன்னேனே!

– ஞாயித்துக்கிழமைக்கு மூணு வாட்டி. இன்னும் ரெண்டு இருக்கு. கதவைத் தட்டறாங்க பாரு, உன் பொண்டாட்டியாத்தான் இருக்கும். வா டீச்சர், திறந்துதான் இருக்கு.

– நான் உங்க தம்பி பொண்டாட்டி அண்ணி. நீங்களுமா டீச்சர்?

– ஊரே அப்படிக் கூப்பிடுது. உன் புருஷனே அப்படித்தான் கூப்பிடறான். நான் மட்டும் என்ன தனியா? உட்காரு. முகம் வெயில்ல கருத்துப் போச்சு. டீ போடறேன். அட, பால் இல்ல. எதிர்க்கடைல வாங்கிட்டு வந்துடறேன்.

– வேணாம் அண்ணி, நேரம் ஆகுது.

– ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட்னு போறீங்க. ஒரு டீ குடிக்க நேரமில்லையா? இதோ வந்துட்டேன். நீ மேஜையைத் தொடாதேடா.

– தொடல.

– ...போயிட்டாங்களா? என்னங்க, ஒண்ணு கேக்கறேன், கரெக்டா பதில் சொல்லுங்க. மன்னிச்சேன்னு சொன்னாங்களா இல்லையா?

– இன்னும் இல்ல.

– தெரியும் எனக்கு. உங்க மூஞ்சியப் பாத்தாலே மார்க் தெரியுது. பூஜ்யம்.

– இன்னும் ரெண்டு வாட்டி இருக்கு டீச்சர்.

– ரெண்டு வாட்டியாம். சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி. அது விழுந்தா என்ன பண்ணுவீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க.

– நான் வரல. நீ போ. நீ போய் வீடு பாத்துவை. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை இருந்துட்டு...

– அடுத்த ஞாயித்துக்கிழமை விழுந்தா அதுக்கு அடுத்தது. எனக்குக் கணக்கு தெரியும்ங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நீங்க அந்த ஊர்த் தண்ணி பம்ப் ஹவுஸ் வாசல்ல நிக்கலைன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். மூணு வருஷமா குடை ரிப்பேர், குக்கர் ரிப்பேர்னு தெருத் தெருவா அலைஞ்சீங்களே, திரும்பவும் அதுவா?

– அவ வாயால ஒரு வார்த்தை கேக்காம என்னால எங்கயும் போக முடியாது. ரயில்ல ஏறினாலும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். இந்த நாற்காலிலதான்.

– அப்போ நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. விழுங்கி வெச்சிருக்கீங்களே, அந்த வார்த்தை.

– மெதுவாப் பேசு.

– அவங்க கடைக்குப் போயிருக்காங்க. சத்தமாவே பேசுவேன். அன்னிக்குச் சாயங்காலம் வயரைக் கட்டிட்டு, பில்டிங் வாசல்ல நின்னுகிட்டே உங்க அக்காவுக்கு ஃபோன் பண்ணினீங்களா இல்லையா? நான் பக்கத்துல ஸ்கூட்டர்ல உட்கார்ந்திருந்தேன். என் காதால கேட்டேன். "அக்கா, மாமாகிட்ட சொல்லிடு, காலையில அஞ்சாவது மாடிக் கதவைத் தொட வேணாம், ஒரு மாடி இறங்கி நாலாவதுல ஏறச் சொல்லு, மறந்துடாதே"ன்னீங்க. அவங்க என்ன சொன்னாங்க?

– "சரிடா, சொல்லிடறேன்"னா.

– சொன்னாங்களா?

– மறந்துட்டா. அவ்வளவுதான். வீட்டு வேலை, ஆஸ்பத்திரி வேலை. மறந்துட்டா. நான் அந்த அஞ்சாவது மாடிக் கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கலாம்ல? அந்த மாடில ரெண்டே வீடு, ஒண்ணு பூட்டிக் கிடந்தது, இன்னொண்ணு நம்ம அக்கா வீடு. நம்ம அக்காவுக்கு எதுக்குப் பேப்பர், ஒரு ஃபோன் போதும்னு நெனச்சேன் பாரு. வேற யாரு வீடா இருந்தாலும் ஒட்டியிருப்பேன். அந்தத் தப்பு யாருது?

– பாதி உங்களுது. சரி, முக்கால்வாசி உங்களுதுன்னே வெச்சுக்கறேன். கால்வாசிக்குமா நீங்க அடி வாங்கணும்? முழு பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு வெச்சுட்டு, மறைச்சவரே பட்டினி கிடக்கீங்க.

– அவளுக்கு அந்த ஃபோன் ஞாபகமே இல்ல டீச்சர். அந்த அதிர்ச்சில அப்படியே அழிஞ்சு போச்சு. வாராவாரம் என்னைக் கேக்கறா, "ஒரு ஃபோன்கூடப் பண்ணலயா"ன்னு. ஞாபகம் இருந்தா கேப்பாளா? அது அப்படியே அழிஞ்சிருக்கட்டும். என்னைத் திட்டட்டும், பொம்மை செஞ்சு கழுத்தைத் திருகட்டும். திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கற வரைக்கும்தான் அவ சோறு சாப்பிடுவா. அந்த ஆள் அவளேன்னு தெரிஞ்சா என்ன ஆவா? சொல்லு, என்ன ஆவா?

– எனக்கு என்ன தெரியும்? நீங்க என்ன ஆயிட்டீங்கன்னுதான் எனக்குத் தெரியும். தூக்கத்துல "ஏழு, எட்டு"ன்னு எண்றீங்க. பத்து வரமாட்டேங்குது, எழுந்து உட்கார்ந்துக்கறீங்க.

– வந்துட்டா. வாயை மூடு. என் மேல சத்தியம்.

– என்னடா, ரெண்டு பேரும் சாமி ஊர்வலம் நின்ன மாதிரி நிக்கறீங்க? சண்டையா?

– இல்லக்கா. சாமானைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

– சாமானைப் பத்திப் பேசினா கண்ணு கலங்குமா? பால் தீர்ந்து போச்சாம். கறுப்பு டீதான். குடிச்சிட்டுத்தான் போகணும்.

– அண்ணி, டீ இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கலாமா?

– டீச்சர்...

– நீங்க சும்மா இருங்க. நீங்க சொல்லக்கூடாதுன்னதைச் சொல்ல மாட்டேன். அண்ணி, இவரை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனசுல இல்லாட்டியும் பரவாயில்ல, வாயால சொல்லுங்க. அதைக் கேட்டா இவர் ரயில் ஏறிடுவாரு. இல்லைன்னா ஏற மாட்டேங்கறாரு.

– ஏற மாட்டேன்னானா?

– ஆமா. இந்தப் பொம்மை நின்னாத்தான் ஊருக்குப் போவாராம். நல்ல மனுஷன், நல்ல அக்கா, நடுவுல நான் பெட்டியோட நிக்கறேன்.

– பொய்யாச் சொல்லட்டுமா டீச்சர்? பசங்களுக்கு நீ அப்படித்தான் மார்க் போடுவியா?

– பாஸ் ஆகாத பையன் தூக்குல தொங்கப் போறான்னா போடுவேன் அண்ணி. கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்.

– நல்லவ நீ. எனக்கு அப்படிப் போட வராது. போட்டுப் பாத்துட்டேன். எத்தனையோ தடவை "சரி, முடிஞ்சுது, போகட்டும்"னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். வாய் சொல்லுது. கை ப்ளேயரை எடுக்குது. தினம் நானூறு போர்வை எண்றேன் அந்த ஆஸ்பத்திரில. ரத்தக்கறை எல்லாம் போயிடும், தெரியுமா? ரெண்டு தடவை அலசினா போயிடும். நூத்தி ஐம்பத்து நாலு தடவை அலசியாச்சு. இது போகல.

– அண்ணி, அழாதீங்க.

– அழல. ரெண்டாவது வாட்டி வெக்கறேன். நீயே எண்ணு. டீச்சர் எண்ணினா ஒருவேளை பயந்து நிக்கும்.

– ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு... விழுந்துடுச்சு அண்ணி.

– பாத்தேன்.

– என்னங்க, நான் வண்டி கூட்டிட்டு வரேன். இதுக்கு மேல என்னால இங்க உட்கார முடியல. அண்ணி, நான் ஏதாவது துடுக்காப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க.

– உன்னைப் போய் வெச்சுப்பேனா? வா இங்க. என் தம்பியை நேரத்துக்குச் சாப்பிட வை. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அவனை எங்கயாவது வெளில கூட்டிட்டுப் போ. வீட்டுல சும்மா உட்கார விடாதே.

– சரி அண்ணி. போயிட்டு வரேன்.

– போயிட்டு வா.

– ...அக்கா.

– ம்.

– அவ சொன்னதை மனசுல வெச்சுக்காதே. பொய்யா எல்லாம் எனக்கு வேணாம். நான் காத்திருக்கேன். இருநூறு ஆகட்டும், முந்நூறு ஆகட்டும்.

– ஏன்டா இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறே? என்னைத் திட்டிட்டுப் போயிடலாம்ல? "மூணு வருஷமா என்னைக் கூண்டுல நிறுத்தி வெச்சிருக்கியே, நீ ஒரு அக்காவா"ன்னு ஒரு தடவையாவது கேட்டியா?

– உன்னைக் கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

– கேக்க மாட்டே. உன்னால முடியாது. விசாரணை அன்னிக்கு நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னே. நான் கடைசி வரிசைல உட்கார்ந்திருந்தேன். அந்த ஆபீசர், "யாருக்காவது எச்சரிக்கை சொன்னீங்களா"ன்னு கேட்டாரு. நீ வாயைத் திறக்கப் போறேன்னு நெனச்சேன். நீ தரையைப் பாத்துக்கிட்டு, "இல்ல சார்"னே.

– ஆமா. சொல்லலையே.

– சரி. மூணாவது வாட்டி. ஜன்னலைச் சாத்து, காத்து வருது. கிட்ட வந்து உட்காரு.

– இடது காலைக் கொஞ்சம் அகட்டு. அப்படித்தான். விடுக்கா. மெதுவா. நீ எண்ணு இந்தத் தடவை.

– ஒண்ணு.

– நிக்குது.

– பேசாதே. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.

– அக்கா, நிக்குதுக்கா!

– ஒன்பது...

– ஐயோ. ஐயோ, பிடிச்சுட்டேன், விழலக்கா, என் கைல இருக்கு, இது கணக்குல சேரும்ல? ஒன்பது வந்துச்சே! ஒண்ணுதானேக்கா கொறச்சல்!

– பிடிச்சு நிறுத்தினா அது நின்னதாகாது. குடு இங்க, டப்பாவுல வெக்கறேன்.

– குடுக்க மாட்டேன். அக்கா, உன் கால்ல விழறேன், அந்த ப்ளேயரை மட்டும் குடு. இதோ, பின்பாரம்தான் இழுக்குது. எனக்கு இது தெரியும்க்கா, பாரம் எங்க இழுக்குதுன்னு பாக்கறதுதான் என் தொழிலே. இந்த மிச்சத்தை மட்டும் வெட்டிட்டா இப்பவே நிக்கும். பத்து என்ன, நூறு எண்ணினாலும் நிக்கும். நிம்மதியா நானும் ரயில் ஏறிடுவேன், உனக்கும் மனசுல இருக்கறது இறங்கிடும். ஒரே ஒரு வெட்டு.

– தொடாதே.

– மிச்ச வயரைப் பிடிச்சுக்கிட்டு ஏன்க்கா இந்தப் பிடிவாதம்?

– அது மிச்சம் இல்லடா. கொண்டை.

– கொண்டையா? எல்லாத்துலயும் இருக்கே. அந்த முப்பத்து ரெண்டாவதுலகூட. எனக்கு எதுக்குக்கா கொண்டை?

– உனக்கு இல்ல. நீ ஃபோன்ல சொல்லச் சொன்னதைச் சொல்லாம, வாய் நிறைய ஊசியை வெச்சுக்கிட்டு "ம்"னு அவரை அந்தக் கதவுக்கு அனுப்பி வெச்சா பாரு, அவளுக்கு.